எக்ஸ்டெண்டட் பதிப்பு வாங்கலாமா? 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' டிஸ்க்குகளை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஃபேண்டஸி படம் ஒன்றின் எக்ஸ்டெண்டட் பதிப்பு வருகிறது என்றால் எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை நிமிடம் கூடுதல் என்றுதான். அட்டையிலும் அதைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். என் கணக்கில் அது இரண்டாவது கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, பெட்டிக்குள் படத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்பது. இந்த ஒன்றைக் கேட்காமல் வாங்கியவர்கள்தான் ஒரே படத்தை மூன்று முறை வாங்கிவிட்டுப் புலம்புகிறார்கள்.

பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. அதனால் பீட்டர் ஜாக்சன் இயக்கிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று படங்களையும், பின்னால் வந்த 'தி ஹாபிட்' மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். எக்ஸ்டெண்டட் பதிப்பு என்ற வியாபாரத்துக்கே அளவுகோலாக நிற்பவை இவை. நல்ல உதாரணமும் இவற்றிலேயே இருக்கிறது, கெட்ட உதாரணமும் இவற்றிலேயே இருக்கிறது.

படி 1: தியேட்டர் பதிப்பைப் பார்த்தாயிற்றா?

பார்க்கவில்லை என்றால் இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். முதலில் தியேட்டர் பதிப்பைப் பாருங்கள். ஓடிடி, நண்பர் வீடு, எங்கே கிடைத்தாலும் சரி. எக்ஸ்டெண்டட் பதிப்பு ஏற்கெனவே அந்த உலகத்தைப் பிடித்துப்போனவர்களுக்காகச் செய்யப்பட்டது. ஜாக்சனே தியேட்டர் பதிப்புகளைத்தான் முடிவான வடிவம் என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார். 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' வென்ற 11 ஆஸ்கர்களும் தியேட்டர் பதிப்புக்குக் கிடைத்தவைதான். எக்ஸ்டெண்டட் பார்க்காதவர் முழுப் படத்தைப் பார்க்கவில்லை என்று மிரட்டும் ரசிகர்களைக் கண்டுகொள்ள வேண்டாம்.

பார்த்தாயிற்று, ஆனால் இன்னொரு முறை பார்க்கும் ஆசை வரவில்லை என்றால் அதுவும் நல்ல பதில்தான். காசு மிச்சம். இரண்டாவது முறையும் பார்த்துவிட்டு, அந்த நகரத்தை எப்படிக் கட்டியிருப்பார்கள் என்று யோசித்தவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

படி 2: நிமிடக் கணக்கைச் சரியாகப் படியுங்கள்

மூன்று படங்களின் தியேட்டர் பதிப்புகள் முறையே 178, 179, 201 நிமிடங்கள். எக்ஸ்டெண்டட் பதிப்புகள் 208, 223, 251. அதாவது முதல் படத்தில் அரை மணி நேரம், இரண்டாவதில் 44 நிமிடம், மூன்றாவதில் 50 நிமிடம் கூடுதல். மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே.

ஆனால் அட்டையின் பின்புறம் 228, 235, 263 என்று போட்டிருக்கும். அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? படம் முடிந்து வழக்கமான பெயர்ப் பட்டியல் ஓடியபின், அதிகாரபூர்வ ரசிகர் மன்ற உறுப்பினர்களின் பெயர்கள் வரிசையாக ஓடுகின்றன. மூன்று படங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ முக்கால் மணி நேரம் வெறும் பெயர்கள்! நம்ம ஊர் மன்றத்துக்காரர்கள் பேனரின் அடியில் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்வது போலத்தான். அவர்களுக்கு அது பெருமை. உங்களுக்கு அது படம் இல்லை. கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

இன்னொரு சிக்கல், பழைய டிவிடிகள். ஐரோப்பா, ஆஸ்திரேலியா போன்ற, பிஏஎல் (PAL) என்ற தொலைக்காட்சி முறையைப் பயன்படுத்திய நாடுகளுக்காகத் தயாரான டிவிடிகளில், நொடிக்கு 24 ஃபிரேம் ஓட வேண்டிய படம் 25 ஃபிரேமாக ஓடும். அதனால் 208 நிமிடப் படம் 200 நிமிடத்தில் முடிந்துவிடும். எதையும் வெட்டவில்லை, வேகம்தான் 4 சதவீதம் கூடியிருக்கிறது. குரலும் இசையும் லேசாக உச்சஸ்தாயியில் கேட்கும். பலருக்கு இது தெரியாது. சங்கீதக் காது உள்ளவர்களுக்கு ஹாவர்ட் ஷோரின் பின்னணி இசையில் அது உறுத்தும்.

இந்த எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் ஓடிடியிலோ டிஜிட்டல் கடையிலோ இருப்பது எந்தப் பதிப்பு என்பதையும் கண்டுபிடித்துவிடலாம். தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும், முதல் படத்தின் நேரம் 2 மணி 58 நிமிடம் என்றால் அது தியேட்டர் பதிப்பு. 3 மணி 48 நிமிடம் என்றால் எக்ஸ்டெண்டட்.

படி 3: ஒவ்வொரு படத்தையும் தனியாக எடைபோடுங்கள்

மூன்றும் ஒரே அளவுக்கு லாபமடையவில்லை. மொத்தமாக எக்ஸ்டெண்டட்தான் உயர்ந்தது என்பதும், மொத்தமாக வீண் என்பதும் சோம்பேறித்தனமான பேச்சு.

முதலில் 'தி ஃபெலோஷிப் ஆஃப் தி ரிங்'. இங்கே சேர்ந்தவை பெரும்பாலும் சின்னச் சின்ன மூச்சுவிடும் இடங்கள். ஹாபிட்டுகள் எப்படி வாழ்கிறார்கள் என்று பில்போ எழுதிக்கொண்டே சொல்லும் ஆரம்பம், காட்டு வழியில் எல்ஃப்கள் ஊரைவிட்டுப் போவதை ஃப்ரோடோவும் சாமும் மறைந்து பார்ப்பது, அராகார்ன் தன் தாயின் சமாதிக்கு முன் நிற்பது. கதை இவை இல்லாமலும் நகரும். ஆனால் லோத்லோரியனில் கலாட்ரியல் ஒவ்வொருவருக்கும் பரிசு கொடுக்கும் காட்சி முழுமையாக வருகிறது. அது அலங்காரம் இல்லை. சாமுக்கு எல்ஃப் கயிறு, லெகோலஸுக்கு வில், மெர்ரிக்கும் பிப்பினுக்கும் குறுவாள்கள். இரண்டாவது படத்தில் கோலம் (Gollum) என்ற பாத்திரத்தின் கழுத்தை எரிக்கிற கயிறு எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை இங்கேதான். கிம்லி அவளிடம் ஒரே ஒரு தலைமுடி கேட்டு, அவள் மூன்றைக் கொடுத்தாள் என்று வெட்கத்தோடு சொல்லும் இடம், குள்ளர்களுக்கும் எல்ஃப்களுக்கும் இடையே இருந்த பழைய பகை எப்படி இளகுகிறது என்பதைக் காட்டுகிறது. லெகோலஸ்-கிம்லி நட்புக்கு விதை அதுதான்.

அதிக லாபம் 'தி டூ டவர்ஸ்' படத்துக்கு. தியேட்டர் பதிப்பில் ஃபாராமிர் ஒரு முரட்டு வில்லன் மாதிரி வந்துபோவார். ஃப்ரோடோவை ஏன் பிடித்துவைக்கிறார், மோதிரத்தை ஏன் தன் தந்தையிடம் கொண்டுபோகத் துடிக்கிறார் என்பதற்குக் கனமான காரணம் இருக்காது. எக்ஸ்டெண்டட் பதிப்பில் ஆஸ்கிலியாத் நகரத்தை மீட்ட நாளின் நினைவுக் காட்சி ஒன்று வருகிறது. அண்ணன் போரோமிர், தம்பி ஃபாராமிர், அப்பா டெனதார் மூவரும் ஒரே இடத்தில். அப்பா மூத்தவனைக் கொண்டாடுகிறார். இளையவனை எல்லோர் முன்னாலும் மட்டம்தட்டுகிறார். மோதிரத்தைத் தேடிப் போகும் வேலையை போரோமிர் விரும்பி ஏற்கவில்லை, அப்பாவின் கட்டாயத்தில் போகிறார் என்பதும் அங்கேதான் தெரிகிறது. இந்த ஒரு காட்சி முதல் படத்தில் போரோமிர் செய்த தவறையும், இரண்டாவதில் ஃபாராமிரின் பிடிவாதத்தையும், மூன்றாவதில் டெனதாரின் பைத்தியத்தையும் ஒரே நூலில் கோத்துவிடுகிறது. தியேட்டரில் இதை ஏன் வெட்டினார்கள் என்று இன்றுவரை எனக்கு மனசு ஆறவில்லை.

அதே படத்தில் இன்னும் சில ஓட்டைகளும் அடைபடுகின்றன. ஹெல்ம்ஸ் டீப் போரில் தோற்று ஓடும் ஊருக்-ஹாய் படை என்னவானது? எக்ஸ்டெண்டட் பதிப்பில் அவர்கள் புதிதாக முளைத்து நிற்கும் காட்டுக்குள் ஓடுகிறார்கள், காடே அவர்களை முடித்துவிடுகிறது. வெள்ளத்தில் மூழ்கிய ஐசன்கார்டில் மெர்ரியும் பிப்பினும் சாருமானின் சரக்கறையைக் கண்டுபிடிக்கும் காட்சி இருப்பதால், அடுத்த படத்தில் அவர்கள் ஹாயாகப் புகைபிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது திடீரென்று தோன்றாது. அராகார்னுக்கு 87 வயது என்று எயோவின் கண்டுபிடிக்கும் இடம் வேறு இருக்கிறது. அவள் சமைத்த சூப்பை அவன் முழுங்க முடியாமல் தவிப்பதும் அங்கேதான். சிரிப்புக் காட்சிகள் கதையை மெதுவாக்குகின்றன என்பது உண்மை. ஆனால் போருக்குப் போகும் படத்துக்கு அந்த இளைப்பாறல் தேவைப்படுகிறது.

மூன்றாவது படத்தில்தான் கவனம் வேண்டும். 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' எக்ஸ்டெண்டட் பதிப்பில் கட்டாயம் இருக்க வேண்டியதும், இல்லாமலே நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுவதும் கலந்து கிடக்கின்றன. கட்டாயம் வேண்டியது சாருமானின் முடிவு. இரண்டு படங்களாக வந்த முதன்மை எதிரி, தியேட்டர் பதிப்பில் கோபுரத்துக்குள் அடைபட்டுக் கிடக்கிறான் என்று வசனத்திலேயே முடிந்துபோவான். அந்தப் பாத்திரத்தில் நடித்த கிறிஸ்டோபர் லீ தன் காட்சி வெட்டப்பட்டதை வெளிப்படையாகவே வருத்தத்தோடு பேசினார். அவருடைய கோபம் நியாயமானது. அதோடு, காயம்பட்ட எயோவினும் ஃபாராமிரும் மருத்துவ இல்லத்தில் சந்திப்பதும் இங்கே வருகிறது. தியேட்டர் பதிப்பில் முடிசூட்டு விழாவில் இருவரும் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து, இவர்கள் எப்போது பழகினார்கள் என்று குழம்பியவர்களுக்கு அது பதில்.

கெடுத்தவை எவை? தியேட்டர் பதிப்பில், இறந்தோரின் அரசன் அராகார்னுக்கு என்ன பதில் சொன்னான் என்பதை மறைத்துவிட்டு, கறுப்புக் கப்பல்கள் துறையில் வந்து நிற்கும்போது உடைப்பார்கள். எதிரிப் படை தன் ஆட்கள் என்று நினைத்துக் காத்திருக்க, அராகார்ன் குதிப்பார். எக்ஸ்டெண்டட் பதிப்பில் அந்தப் பதிலையும் சொல்லி, கப்பல்களை மடக்கும் காட்சியையும் முன்னாலேயே காட்டிவிடுகிறார்கள். திருப்பம் போச்சு. கடல் கொள்ளையனாக ஜாக்சன் தலைகாட்டிச் சாவதைப் பார்க்கும் சின்னச் சந்தோஷம் மட்டும் மிச்சம். அடுத்து, மோதிரப் பேய்களின் தலைவனான விட்ச்-கிங் கேண்டால்ஃபின் கைத்தடியை உடைப்பது. இரண்டாவது படத்தில் மறுபிறவி எடுத்து வந்த மந்திரவாதி இவ்வளவு எளிதாகக் கீழே விழுவது கதையின் தர்க்கத்தோடு ஒட்டவில்லை. கடைசியாக, தூது வந்தவனின் தலையை அராகார்ன் வெட்டுவது. தூதனைக் கொல்லக் கூடாது என்பதை ராமாயணத்தில் விபீஷணன் சொல்லிக் கேட்டு வளர்ந்த நமக்கு, நல்ல அரசன் ஒருவன் இதைச் செய்வது இன்னும் கூடுதலாகவே உறுத்தும்.

ஆகவே என் பரிந்துரை: முதல் இரண்டும் எக்ஸ்டெண்டட், மூன்றாவது தியேட்டர் பதிப்பு, அப்புறம் சாருமான் காட்சியைத் தனியாக ஒரு முறை. இப்படிக் கலந்து பார்க்க வேண்டுமானால் இரண்டு பதிப்புகளும் உள்ள பெட்டி தேவை. இது வாங்கும் முடிவைப் பாதிக்கும் விஷயம்.

படி 4: பின்னிணைப்பு டிஸ்க்குகளைத் தேடுங்கள்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். 2002, 2003, 2004 ஆண்டுகளின் இறுதியில் ஒவ்வொன்றாக வந்த எக்ஸ்டெண்டட் டிவிடி பெட்டிகளில் நான்கு டிஸ்க்குகள் இருந்தன. இரண்டில் படம், மற்ற இரண்டில் 'பின்னிணைப்புகள்' என்ற பெயரில் உருவாக்க ஆவணப்படங்கள். மைக்கேல் பெல்லெரின் தயாரித்தவை. நடிகர்கள் ஒருவரையொருவர் புகழ்ந்துகொள்ளும் விளம்பரத் துண்டுகள் என்று நினைக்க வேண்டாம். நாவலைத் திரைக்கதையாக்குவதில் தொடங்கி ஒலி கலக்குவது வரை, ஒவ்வொரு துறையும் தன் வேலையைத் தானே விளக்குகிறது. மூன்று படங்களுக்கான பின்னிணைப்புகளையும் முழுதாகப் பார்த்து முடிக்கப் பல வாரக் கடைசிகள் வேண்டும்.

என்ன இருக்கிறது என்று ஒரு ருசிக்குச் சொல்கிறேன். கேண்டால்ஃபும் ஃப்ரோடோவும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும்போது ஒருவர் பெரியவராகவும் ஒருவர் சிறியவராகவும் தெரிவதற்கு, ஒருவரை கேமராவுக்குக் கிட்டேயும் மற்றவரை வெகு தள்ளியும் உட்காரவைத்தார்கள். அது பழைய தந்திரம். கேமரா நகர்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால், கேமராவோடு சேர்ந்து மேசையும் நடிகரும் நகரும்படி ஒரு மேடையைக் கட்டினார்கள். அந்த மேடை நகர்வதை டிஸ்க்கில் பார்க்கும்போது வாய் பிளந்துவிடும். மினாஸ் திரித் நகரம் 72-இல் ஒரு பங்கு அளவில் கட்டப்பட்ட மாதிரி. சிறியது என்று சொல்லவே முடியாது. ஸ்டுடியோவை அடைத்துக்கொண்டு நின்றது. சங்கிலிக் கவசங்களுக்குப் பிளாஸ்டிக் குழாயைச் சின்ன வளையங்களாக அறுத்து, ஒவ்வொன்றாகக் கையால் கோத்தார்கள். ஆயிரக்கணக்கான வீரர்கள் தாமாக முடிவெடுத்துச் சண்டையிடுவது போலக் காட்ட, ஸ்டீஃபன் ரெகலஸ் 'மாசிவ்' என்ற மென்பொருளை எழுதினார்.

நமக்குப் பிடித்த ஒரு துணுக்கும் உண்டு. ஹெல்ம்ஸ் டீப்பில் ஊருக்-ஹாய் படை முழங்கும் கோஷம் எங்கே பதிவானது தெரியுமா? 2002-இல் வெலிங்டனில் நியூசிலாந்து-இங்கிலாந்து ஒருநாள் கிரிக்கெட் ஆட்டத்தின் இடைவேளையில். ஜாக்சன் மைதானத்தின் நடுவில் நின்று, ஏறத்தாழ 25,000 ரசிகர்களை அவர்கள் அறியாத மொழியில் கத்தவைத்தார். நெஞ்சில் அடித்துக்கொள்ளவும் காலால் தரையை உதைக்கவும் வைத்தார்.

குறும்படம் எடுப்பவர், ஒப்பனை, கலை இயக்கம், ஒலி என்று ஏதாவது ஒரு துறையில் ஆர்வம் உள்ளவர் வீட்டில் ஒருவர் இருந்தால் இந்த டிஸ்க்குகளுக்காகவே வாங்கலாம். படம் ஓடும்போதே அதை எடுத்தவர்கள் பேசும் உரை ஒலித்தடங்கள் நான்கு வேறு இருக்கின்றன: இயக்குநரும் எழுத்தாளர்களும் ஒன்று, வடிவமைப்புக் குழு ஒன்று, தயாரிப்புக் குழு ஒன்று, நடிகர்கள் ஒன்று. நடிகர்கள் பேசுவது ஜாலியாக இருக்கும். கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் வடிவமைப்புக் குழுவைக் கேளுங்கள்.

படி 5: எந்தப் பெட்டியில் எது என்று பாருங்கள்

ஏமாற்றம் நடக்கும் இடம் இதுதான். இருப்பதிலேயே விலை கூடியதும் புதியதுமான பெட்டியை வாங்கினால் எல்லாம் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. இங்கே அது தப்பு.

2010-இல் வந்த முதல் ப்ளூரே பெட்டியில் தியேட்டர் பதிப்பு மட்டும். 2011 ஜூனில் வந்த 15 டிஸ்க் பெட்டியில் எக்ஸ்டெண்டட் பதிப்பு மட்டும். ஒரு படத்துக்கு இரண்டு ப்ளூரே வீதம் ஆறு, மீதி ஒன்பதும் டிவிடிகள். பின்னிணைப்புகள் அந்த டிவிடிகளில் முழுமையாக இருக்கின்றன, உரை ஒலித்தடங்களும் உண்டு. குறை என்றால், முதல் படத்தின் நிறம். படம் முழுக்கப் பச்சைச் சாயல் படிந்திருக்கிறது என்று வாங்கியவர்கள் கொதித்தார்கள். பனி மலை வெள்ளையாக இல்லாமல் பாசி படிந்தது போல இருக்கும். ஜாக்சனும் ஒளிப்பதிவாளர் ஆண்ட்ரூ லெஸ்னியும் ஒப்புக்கொண்ட நிறம்தான் அது என்று நிறுவனம் சொல்லிவிட்டது. பழகிவிட்டால் மறந்துவிடும், ஆனால் ஒரு முறை கண்ணில் பட்டுவிட்டால் போகாது.

2020 இறுதியில் 4கே பெட்டி வந்தது. ஒன்பது டிஸ்க்குகள். தியேட்டர் பதிப்பு ஒவ்வொன்றும் ஒரு டிஸ்க்கில், எக்ஸ்டெண்டட் ஒவ்வொன்றும் இரண்டு டிஸ்க்குகளில். படமும் ஒலியும் ஜாக்சனின் மேற்பார்வையில் புதிதாகச் சீரமைக்கப்பட்டவை: படத்தின் ஒளியையும் நிறத்தையும் கூட்டிக் காட்டும் டால்பி விஷன், சுற்றிலும் மேலிருந்தும் ஒலிக்கும் டால்பி அட்மாஸ். அந்தப் பச்சை போயே போச்சு. பதிலுக்கு, ஃபிலிம் துகள்களை அதிகமாகத் துடைத்துவிட்டார்கள், சில முகங்கள் மெழுகு போலத் தெரிகின்றன என்ற புகார் உண்டு, ஓரளவு உண்மைதான். ஆனால் பெரிய குறை வேறு. பின்னிணைப்புகள் கிடையாது. உரை ஒலித்தடங்களும் கிடையாது. 2021-இல் ஆறு படங்களையும் சேர்த்து 31 டிஸ்க்குகளோடு ஒரு பிரம்மாண்டப் பெட்டி வந்தது. அதிலும் பழைய பின்னிணைப்புகள் இல்லை! முப்பத்தொரு டிஸ்க் போட்டும் முக்கியமானதை விட்டுவிட ஒரு தனித் திறமை வேண்டும்.

இதற்கு முன் 2016-இல், மர அலமாரியில் பழங்காலப் புத்தகங்கள் போல அடுக்கிய 30 டிஸ்க் தொகுப்பு ஒன்று ஏறத்தாழ 800 டாலர் விலையில் வந்தது. அலமாரி வேண்டுமானால் தச்சரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

அப்படியானால் என்ன வாங்குவது? ஒரே ஒரு பெட்டிதான் வாங்க முடியும், கற்றுக்கொள்ளும் ஆர்வமும் இருக்கிறது என்றால் 2011-இன் 15 டிஸ்க் ப்ளூரே. நல்ல 4கே டிவி இருக்கிறது, படம் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதுதான் முக்கியம் என்றால் 4கே பெட்டி. இரண்டும் வேண்டும் என்பவர்கள் 4கே பெட்டியோடு பழைய நான்கு டிஸ்க் டிவிடிகளைப் பழைய பொருள் விற்பவர்களிடம் தேடுங்கள். அந்த டிவிடிகளை இப்போது படத்துக்காக யாரும் வாங்குவதில்லை, அதனால் பேரம் படியும். மூன்றாவது வழிதான் என் விருப்பம்.

படி 6: உங்கள் பிளேயரில் ஓடுமா?

4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு, அதாவது குறிப்பிட்ட பகுதி நாடுகளின் பிளேயரில் மட்டும் ஓடும் கட்டுப்பாடு, இல்லை. எந்த நாட்டில் வாங்கினாலும் எந்த 4கே பிளேயரிலும் ஓடும். ப்ளூரேயிலும் டிவிடியிலும்தான் தொல்லை. இந்தியாவும் இலங்கையும் ப்ளூரேயில் சி, டிவிடியில் 5. சிங்கப்பூரும் மலேசியாவும் ஏ மற்றும் 3. கனடா ஏ மற்றும் 1. பிரிட்டன், பிரான்ஸ் பி மற்றும் 2. டொராண்டோவிலிருந்து சித்தப்பா வாங்கிவரும் பெட்டி மதுரையில் ஓடும் என்று நினைத்துவிடக் கூடாது.

நுணுக்கமான சிக்கல் ஒன்று. ஒரே பெட்டியில் ப்ளூரேயும் டிவிடியும் கலந்திருந்தால், ப்ளூரே ஓடி டிவிடி ஓடாமல் போக வாய்ப்புண்டு. இரண்டின் ரீஜன் முறையும் வேறு வேறு. 15 டிஸ்க் பெட்டியில் பின்னிணைப்புகள் டிவிடியில்தான் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். விற்பவரிடம் டிவிடியின் ரீஜன் எண்ணைத் தனியாகக் கேளுங்கள். எல்லா ரீஜனும் ஓடும் டிவிடி பிளேயர் ஒன்று வீட்டில் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

கேம் கன்சோல் வைத்திருப்பவர்களுக்கு: டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 4கே டிஸ்க்கை ஓட்டும். பிளேஸ்டேஷன் 4 ஓட்டாது, ப்ரோ மாடலும் சேர்த்துத்தான். பிளேஸ்டேஷன் 5 டிஸ்க்கில் டால்பி விஷன் வராது, சாதாரண எச்டிஆர் 10 வரும். உங்கள் டிவி சாம்சங் என்றால் அதிலும் டால்பி விஷன் இல்லை. அதனால் இதை நினைத்து வருந்த வேண்டியதில்லை.

சப்டைட்டில் மொழிகளை அட்டையின் பின்புறப் படத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். நாட்டுக்கு நாடு மாறும்.

படி 7: 'ஹாபிட்' விஷயத்தில் கணக்கை மாற்றுங்கள்

இங்கே கூடுதல் குறைவு: 169 நிமிடம் 182 ஆகிறது, 161 என்பது 186, 144 என்பது 164. முதல் படத்தில் சேர்ந்தவற்றில் உருப்படியாக ஒன்றுமில்லை. பூதராஜாவின் பாட்டு, குள்ளர்கள் குளிப்பது. இரண்டாவதில் கேண்டால்ஃப் டோல் குல்டூரில் தோரினின் அப்பாவைக் கண்டுபிடிக்கும் பகுதி நல்ல சேர்க்கை. மூன்றாவது, கூடுதல் ரத்தத்துக்காக அமெரிக்காவில் ஆர் சான்றிதழ் வாங்கியது. குழந்தைகளோடு பார்க்க நினைப்பவர்கள் கவனிக்க. தோரினின் இறுதிச் சடங்கு வருவது மட்டும் ஒரு நிறைவு.

படத்துக்காக என்றால் வேண்டாம் என்பேன். ஆனால் இதன் பின்னிணைப்புகள் படங்களைவிட சுவாரசியமானவை. கியெர்மோ டெல் டோரோ 2010-இல் விலகியபின் ஜாக்சன் அவசரமாக இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு படம் என்று தொடங்கியது 2012-இல் மூன்றானது. முன்தயாரிப்புக்குப் போதிய நேரம் கிடைக்கவில்லை என்பதை அவரும் குழுவினரும் கேமரா முன்னாலேயே ஒப்புக்கொள்கிறார்கள். அடுத்து என்ன எடுப்பது என்று தெரியாமல் செட்டில் நின்றதை ஒரு பெரிய இயக்குநர் இப்படித் திறந்து சொல்வது அபூர்வம். ஒரு தயாரிப்பு எப்படித் தடம் புரளும் என்று கற்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து விற்பனையில் இல்லை. இதிலும் 4கே டிஸ்க்கில் இவை கிடையாது; 2013 முதல் 2015 வரை வந்த எக்ஸ்டெண்டட் ப்ளூரே பெட்டிகளைத்தான் தேட வேண்டும்.

படி 8: டிஜிட்டலா, டிஸ்க்கா?

டிஜிட்டல் கடையில் வாங்கு என்ற பொத்தானை அழுத்தினாலும் கிடைப்பது பார்க்கும் உரிமம்தான். 2023 டிசம்பரில், வாடிக்கையாளர்கள் காசு கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் நீக்கப்படும் என்று பிளேஸ்டேஷன் அறிவித்தது; எதிர்ப்பு கிளம்பியது, புதிய ஒப்பந்தம் போட்டபின் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. கலிஃபோர்னியாவில் இப்படி உரிமம் விற்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்று 2025 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது. ஒரு தடவை பார்க்க டிஜிட்டல் போதும். பத்து வருஷம் கழித்துப் பிள்ளைகளோடு பார்க்க டிஸ்க்.

வெளிநாட்டுக் கடையிலிருந்து வரவழைத்தால் பொருளின் விலையோடு அனுப்பும் செலவு, சுங்க வரி, கூரியர்காரரின் கட்டணம் எல்லாம் சேரும். மொத்தத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அவசரம் வேண்டாம். 2002-இல் முதல் படத்தின் தியேட்டர் டிவிடி ஆகஸ்டில் வந்தது, எக்ஸ்டெண்டட் அதே ஆண்டு நவம்பரில் வந்தது. ஆகஸ்டில் பொறுமை இழந்தவர்கள் இரண்டு முறை காசு கொடுத்தார்கள். இந்தப் பழக்கத்தை ஸ்டுடியோக்கள் இன்னும் விடவில்லை.

படி 9: வேறு படங்களுக்கும் இதே சோதனை

ஹாரி பாட்டர் முதல் இரண்டு படங்களுக்கு எக்ஸ்டெண்டட் பதிப்பு உண்டு: 152 நிமிடம் 159 ஆகிறது, 161 என்பது 174 ஆகிறது. வெட்டிய காட்சிகளைத் திரும்ப ஒட்டியதைத் தாண்டி ஒன்றுமில்லை. தனியாகக் காசு செலவழிக்க வேண்டாம். ரிட்லி ஸ்காட்டின் 'லெஜண்ட்' நேர்மாறு. 1980-களில் அமெரிக்காவில் 89 நிமிடமாகக் குறுக்கி, ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் இசையை எடுத்துவிட்டு டேஞ்சரின் ட்ரீம் குழுவின் இசையைப் போட்டார்கள். பின்னால் வந்த 113 நிமிட இயக்குநர் பதிப்பில் கோல்ட்ஸ்மித் திரும்பி வந்தார். அது கிட்டத்தட்ட வேறு படம். இப்படி இசையோ, அமைப்போ, முடிவோ மாறியிருந்தால் தயங்காமல் வாங்கலாம். நிமிடம் மட்டும் கூடியிருந்தால், கூட என்ன கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' விஷயத்தில் ஹாவர்ட் ஷோர் கூடுதல் காட்சிகளுக்கென்று புதிதாக இசையமைத்தார், படத்தின் காட்சி விளைவுகளைச் செய்த வீட்டா (Weta) நிறுவனம் கிராஃபிக்ஸை முடித்துக்கொடுத்தது. அதனால்தான் சேர்த்த இடம் தையல் தெரியாமல் இருக்கிறது.

படி 10: பெட்டி வந்தவுடன்

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் எல்லா டிஸ்க்கையும் ஓட்டிப் பாருங்கள். பலரும் முதல் டிஸ்க்கை மட்டும் போட்டுவிட்டுத் திருப்தியாகிவிடுவார்கள். எக்ஸ்டெண்டட் படம் இரண்டு டிஸ்க்கில் இருப்பதால், கோளாறு எல்ராண்டின் ஆலோசனைக் கூட்டம் முடிந்து டிஸ்க் மாற்றும்போதுதான் தெரியவரும். அதற்குள் ஒரு மாதம் ஓடியிருக்கும். ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஆரம்பம், நடு, கடைசி ஐந்து நிமிடம் பார்த்தால் போதும். பழைய டிவிடி வாங்கினால் மூன்றாவது, நான்காவது டிஸ்க்குகளைத்தான் முதலில் வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பாருங்கள். நீங்கள் காசு கொடுத்தது அவற்றுக்குத்தான்.